சொன்னால்தான் தெரியும்

பவானேஸ்வரி அழுதுகொண்டே தோசையைப் பிய்த்துத் தட்டில் போட்டாள். ஒரு கையால் பிய்க்க அப்பாவுக்கு வராது. அவர் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். உதடு கோணி, மூக்கு சிவந்து, தாடை நடுங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சட்னி போடு," என்றார்.

போட்டாள்.

அம்மா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். கூட இருந்த தம்பி நிவேந்திரன்தான் போன் செய்தான். சமையலறையின் பின்கதவுக்கு வெளியே, துணி காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பவானி அதைக் கேட்டாள். அவன் அழவில்லை. அவசரத்தில் இருப்பவன் போலப் பேசினான்.

"அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. நான் வந்து சொல்றேன். கிளினிக் டாக்டரையும் கூட்டிட்டு வந்துர்றேன். பக்கத்துல ஆள் இருக்கும்போதுதான் சொல்லணும்."

"எப்படிடா மறைக்கிறது? என் மூஞ்சியைப் பார்த்தாலே..."

சொல்ல வந்தது பாதியில் நின்றது. 

"அவருக்குத் தெரியாதுக்கா," என்றான் அவன். "வாயால சொல்லாம இருந்தா போதும்."

அப்பா நல்லமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாயா ரும்புட் வட்டாரத்தில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடது கையும் காலும் விழுந்தன. காலில் பாதி திரும்பி வந்தது, கை வரவில்லை. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் தப்பித்தோம் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நாள் அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பி கேட்டிருக்கிறார். அம்மா கையிலிருந்த பீங்கான் மங்குக் கோப்பையைச் சுவரில் விட்டெறிந்தாள். "ஏன் மங்கைப் போட்டு உடைக்கிற?" என்று கேட்டாராம், நிஜமாகவே தெரியாமல்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்தான் கண்டுபிடித்தாள். மனித முகங்கள் அச்சடித்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இந்த ஆள் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும், "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு," என்றார். யார் யார் என்று அவருக்குத் தெரியும். மனைவி, மகள், மகன், பக்கத்து வீட்டுக்காரி, ஒருவரையும் மாற்றிச் சொல்வதில்லை. அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அடைப்பு மூளையின் வலப்பக்கத்தில் என்று அந்தப் பெண் அம்மாவுக்கு விளக்கினாள். பேச்சைப் பார்த்துக்கொள்வது இடப்பக்கம், அது பிழைத்துவிட்டது. ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது துக்கம், இது பயம் என்று எடுத்துக்கொள்வதில் வலப்பக்கத்துக்குத்தான் பெரும்பங்கு. குரலின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான். இனிமேல் இவருக்குச் சொன்னால்தான் தெரியும் என்றாள்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வெட்கமே படாமல் சொல்லிக் காட்டுவாள். "இங்க பாருங்க, எனக்கு இப்ப கோவம்." "இது வெளையாட்டுக்குச் சொன்னது, நான் சிரிக்கிறேன்." விருந்தாளிகள் இருந்தாலும் சொல்வாள். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் தினமும் காலையில் போன் போட்டு, "நல்லாத்தான் இருக்கேன், சிரிச்சிக்கிட்டுத்தான் பேசுறேன்," என்பாள். அப்பா "சரி" என்று போனை வைப்பார். அவள் சொன்னால் அவருக்குப் போதும்.

"உன் கண்ணுல என்னா தண்ணி?" என்றார் அப்பா இப்போது.

பவானி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "வெங்காயம் வெட்டினேன்பா."

அவர் தட்டைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று தேங்காய்ச் சட்னி.

"இதுல வெங்காயமே இல்லையே."

"மதியத்துக்கு. சாம்பாருக்கு வெட்டி வெச்சிருக்கேன்."

அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார். நம்பிவிட்டார்.  மற்றவர்களிடம் பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும், கண் காட்டிக்கொடுக்கும், கேட்பவர் அதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். இவரிடம் அப்படி ஒரு வழியும் இல்லை. சொன்ன வார்த்தை மட்டும்தான் அவருக்குக் கிடைக்கிறது. அதிலேயே அவள் கை வைத்துவிட்டாள்.

கை கழுவி வந்ததும் அப்பா கைத்தொலைபேசியை மேசையில் தன் முன்னால் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா ஏன் இன்னும் போன் பண்ணல?"

"தூங்குவாங்கப்பா."

"பசியாறுற நேரத்துல அவ தூங்க மாட்டாளே."

"மருந்து குடுத்திருப்பாங்க. மருந்து குடிச்சா தூக்கம் வரும்."

"நீ போட்டுப் பாரு. நிவேன் எடுப்பான்ல."

"அவன் காடி ஓட்டிட்டு இருப்பான்பா."

"எங்க போறான்?"

பவானி எச்சில் தட்டை எடுத்தாள். "சாமான் வாங்க," என்றாள். என்ன சாமான் என்று அவர் கேட்கவில்லை. 

வெளியே இரும்புக் கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மா. அவளுக்குச் செய்தி தெரியும். பவானியின் கணவன் பிள்ளைகளைத் தங்கா பத்துவில் இருக்கும் தன் தாய் வீட்டில் விட்டுவர இங்கிருந்து கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். உள்ளே வந்தவள் பவானியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பவானி கண்ணால் அப்பாவைக் காட்டித் தலையை அசைத்தாள். ராஜம்மா புருவத்தைத் தூக்கிக் கேட்டாள், இன்னுமா சொல்லவில்லை? பவானி உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்றாள். ராஜம்மாவின் முகம் சுருங்கி, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எத்தனை மணிக்குக் கொண்டுவருவார்கள் என்று கையைத் திருப்பிக் கேட்டாள். மதியத்துக்கு மேல் என்று பவானி விரலால் காட்டினாள்.

அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாம்மா ராஜம்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்க?"

"சும்மாதாண்ணே," என்றாள் ராஜம்மா. குரல் கிழிந்து வந்தது. "பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு. தோசை."

"நல்லது. நல்லதுண்ணே." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பவானிக்கு உடம்பெல்லாம் கூசியது. கண் தெரியாதவர் எதிரில் அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பது போல இருந்தது. தான் பெற்ற பெண்ணும், பதினைந்து வருடமாக அண்ணன் என்று கூப்பிடுபவளும் அவர் மனைவி செத்ததை அவர் கண் முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவர் தோசை சாப்பிட்ட கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போகப் பார்த்தாள். அதற்குள் தெருவில் லோரி ஒன்று வந்து நின்றது. பின்பக்கத் தட்டு இறங்கும் சத்தம், இரும்புக் கம்பிகள் சரியும் சத்தம். பவானி வாசலுக்கு ஓடினாள்.

கூடாரம் போடுகிற முனியாண்டி. இரண்டு ஆட்கள் கம்பிகளை இறக்கி வாசல் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். லோரி நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"அண்ணே, இப்ப வேணாம்ணே. யாரு வரச் சொன்னா?"

"உன் தம்பிதாம்மா. மதியம்னு சொன்னாரு. எனக்கு மதியத்துல பத்து பெரண்டாம் ஊர்ல கல்யாண வேலை இருக்கு. இப்ப போட்டாத்தான் உண்டு." முனியாண்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "அம்மா நல்ல மனுசி லா. எப்ப வந்தாலும் தண்ணி குடுக்காம அனுப்ப மாட்டாங்க."

"மெதுவா பேசுங்கண்ணே. அப்பாவுக்கு இன்னும்..."

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. பவானி திரும்பினாள். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். பின்னால் ராஜம்மா பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கையை நீட்டியபடி நின்றாள்.

"யார் வீட்டுக்குக் கூடாரம்?"

 லோரியிலிருந்து நாற்காலி அடுக்கைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எங்க வீட்டுக்குண்ணே," என்றாள் ராஜம்மா. "எங்க வீட்டுல ஒரு விசேஷம்."

அப்பா அவளைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த கம்பிகளைப் பார்த்தார். அவை அவர் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தன. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்த முனியாண்டியைப் பார்த்தார். கடைசியாகப் பவானியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவள் கண்ணையும் வாயையும் நெற்றியையும் பார்த்தார்.

"பவானி."

"ப்பா."

"உன் மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?"

இதுவரை அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவிடம்கூடக் கேட்டதில்லை. அம்மா கேட்க விட்டதே இல்லை. ராஜம்மா பின்னாலிருந்து வேகமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. சும்மாதான்பா இருக்கு என்று சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அழுவுற மூஞ்சிப்பா," என்றாள் பவானி. "காலையிலேர்ந்து அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதுக்கு?"

"அம்மா போயிட்டாங்கப்பா. விடியக்காலையில."

"என்னாடி இப்படிப் பண்ணிட்ட!" என்று ராஜம்மா அலறி, அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். முனியாண்டி ஒரே பாய்ச்சலில் வந்து நாற்காலியைப் போட்டார். அப்பா விழவில்லை. நாற்காலியைப் பார்த்து, தடியை அதன் முதுகில் மாட்டிவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

பவானி உள்ளே ஓடி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து வந்தாள். பட்டை இரண்டு முறை நழுவியது. கருவி உறுமிக்கொண்டு இறுக்கியது. காட்டிய எண் அதிகமாகத்தான் இருந்தது. பயப்படும் அளவா, துக்கத்தில் எல்லாருக்கும் ஏறும் அளவா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாத்திரையை நாக்கின் மேல் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கிளினிக்குக்குப் போன் செய்தாள், டாக்டரை உடனே அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு அவர் எதிரே மண்டியிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அதில் ஒன்றும் இல்லை. பக்கவாதத்தோடு அந்த முகமும் அடங்கிப்போயிருந்தது. சட்னி கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருந்தது. உள்ளே இடிகிறதா, எரிகிறதா, இன்னும் போய்ச் சேரவே இல்லையா என்று எதுவும் தெரியாமல் அவள் அந்த முகத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா? தலை சுத்துதா? சொல்லுங்கப்பா."

"இல்ல." பிறகு கேட்டார், "வலிச்சுச்சா அவளுக்கு?"

"தெரியலப்பா. நான் அங்க இல்லையே. நிவேன்தான் இருந்தான்."

"அவன் வரட்டும்."

முனியாண்டியின் ஆட்கள் சத்தம் போடாமல் அவரைச் சுற்றியே கூடாரத்தை எழுப்பினார்கள். நிழல் விழுந்தது. டாக்டர் வந்து பார்த்து, ஒரு ஊசி போட்டு, கூடவே ஆள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மறுத்துவிட்டார். செய்தி கேட்டு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் தலையாட்டினார். தள்ளிப்போய், "கல்லு மாதிரி உக்காந்திருக்காரு," என்று ஒருத்தி சொன்னது பவானியின் காதில் விழுந்தது.

நிவேந்திரனின் கார் முனையில் திரும்பி, கூடாரத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. அவன் கதவைச் சாத்தாமல் இறங்கி வந்தான். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. பவானியின் முழங்கையைப் பிடித்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு இழுத்துப் போனான்.

"சொல்லிட்டியா?"

"கேட்டாருடா."

"கேட்டா? இல்லன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? நான் உன்கிட்ட ஒரே ஒரு வேலைதானே குடுத்தேன்!"

"என் மூஞ்சி எப்படி இருக்குன்னு கேட்டாரு. அதுக்கு எப்படிப் பொய் சொல்ல முடியும்?"

"அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? ஒரே நாள்ல ரெண்டு பேரையும் தூக்கச் சொல்றியா என்னை?"

கத்திவிட்டு அவனே சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் எதை நினைக்கிறான் என்று பவானிக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஜாசினில் அப்பாவின் அண்ணன் பெரியதம்பி இறந்தபோது அப்பாவுக்குப் போன் செய்து சொன்னவன் அவன்தான். சுற்றி வளைக்காமல், "பெரியப்பா செத்துட்டாருப்பா," என்று போட்டு உடைத்தான். அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். அதனால் வந்தது இல்லை என்று டாக்டர்கள் எத்தனை முறை சொல்லியும் அவன் ஏற்றுக்கொள்ளவில்லை.

"நிவேன்," என்று முன்பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வந்துட்டியா? இங்க வா."

இருவரும் போனார்கள். அப்பா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நிவேந்திரன் உட்காரவில்லை. எதிரில் நின்றான். 

"நீதானே கூட இருந்த?"

"ஆமாப்பா."

"அவளுக்கு வலிச்சுச்சா?"

பவானி தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அது உடைந்தது. நெற்றி நெளிந்து, வாய் ஒரு பக்கம் இழுபட்டு, கண்கள் எங்கோ அந்த வார்டுக்குள் போய் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளையும், கட்டில் கம்பியை விடாமல் இறுக்கிய விரல்களையும், நர்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இவன் ஓடியதையும் அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே பவானி அந்த முகத்தில் பார்த்துவிட்டாள். அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ராஜம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லப்பா," என்றான் நிவேந்திரன். "தூக்கத்துலயே போயிட்டாங்க. வலிக்கவே இல்ல."

அப்பா அவன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீர் வழிந்துகொண்டிருந்த அந்த முகத்தை, தான் பெற்று வளர்த்த முகத்தை, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிவேந்திரன் அக்காவின் பக்கம் கண்ணைத் திருப்பினான். சற்று முன் சந்தில் கத்தியவன் இப்போது கெஞ்சினான்.

அப்பாவும் பவானியின் பக்கம் திரும்பினார்.

"ஆமாப்பா," என்றாள் அவள். "தூக்கத்துல போயிட்டாங்களாம்."

"சரி," என்றார் அப்பா.

நிவேந்திரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பவானி அவன் தலையில் கையை வைத்தாள். அது அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"வண்டி எங்க வருது?" என்று அப்பா கேட்டார்.

"புறப்பட்டாச்சுப்பா. நான் முன்னால வந்துட்டேன்."

"அப்ப என் ரேசர எடுத்துட்டு வா. சோப்பும் கண்ணாடியும்."

"சாவு வீட்டுல சவரம் பண்ணலாமாண்ணே?" என்றாள் ராஜம்மா.

"அவ வரப் போறாள்ல," என்றார் அப்பா.

பவானி எல்லாவற்றையும் கொண்டுவந்து, பிளாஸ்டிக் மேசையைக் கூடாரத்தின் ஓரத்துக்கு, வெளிச்சம் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டாள். அப்பா வலது கையால் நுரையைப் பூசினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக மழித்தார். காதோரத்திலிருந்து தாடை வரை, தாடையிலிருந்து கழுத்து வரை, ஒரே ஒரு முடியும் விடாமல். பிறகு ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, "துண்டு குடு," என்றார்.

வலப்பக்கம் மழமழவென்று இருந்தது. மூக்குக்கு இடப்பக்கம் ரேசர் வரவே இல்லை. இடது கன்னத்தில் நுரைகூடப் படவில்லை, நான்கைந்து நாள் நரைத்தாடி அப்படியே இருந்தது. விழுந்துபோன அந்தப் பக்கத்தில் ஒரு கன்னம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

பவானி தம்பியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இந்த இரண்டு வருடத்தில் அப்பாவை அரைகுறை முகத்தோடு அவர்கள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவர் மழிக்கும்போதெல்லாம் மறு பாதியை அம்மா மழித்துவிட்டிருக்கிறாள்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியின் மறுபக்கம் போய், நுரையை விரலில் எடுத்து இடது கன்னத்தில் தடவினாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். நிவேந்திரன் எழுந்து வந்து தாடையைத் தாங்கிப் பிடித்தான். தெருமுனையில் அம்மாவைக் கொண்டுவந்த வண்டி திரும்பியது, நாற்காலிகள் நகர்ந்தன, பெண்கள் அழுகையோடு வாசலை நோக்கி ஓடினார்கள். பவானி அவசரப்படவில்லை. காதோரத்தில் ரேசரை வைத்து, தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழ்நோக்கி மெதுவாக இழுத்தாள்.